டட்டூராவில் பீச் மரத்துக்குத் தண்ணீரைக் குறைத்தபோது நடந்தது

பழமரத்துக்குத் தண்ணீர் விட்டால் காய் பெருக்கும், விடாவிட்டால் சிறுக்கும், இதில் ஆராய என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 1970-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், டட்டூரா என்ற சின்ன ஊரில் இருந்த அரசுப் பாசன ஆராய்ச்சி நிலையத்தில், நல்ல காய்ப்பில் நின்ற பீச் மரங்களுக்கு வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துப் பார்த்தார்கள். கிளை வளர்ச்சி நன்றாகவே அடங்கியது, அறுவடை குறையவில்லை. டேவிட் சால்மர்ஸ், மிட்செல், வான் ஹீக் ஆகிய மூவரும் இதை 1981-ல் அமெரிக்கத் தோட்டக்கலை அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார்கள். அதற்கு அப்புறம் பேரி, ஆப்பிள், பாதாம், ஆரஞ்சு, திராட்சை என்று ஒவ்வொரு பயிராக இந்தச் சோதனை உலகம் சுற்றியது. நெறிப்படுத்திய பற்றாக்குறைப் பாசனம் என்று தமிழில் சொல்லலாம். பெயர் நீளம், இனி நெறிப்பாசனம் என்றே எழுதுகிறேன்.

இன்று இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "தண்ணீர் மிச்சம்" என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மிச்சம் உண்மைதான், அதுவும் கணிசமாகவே. ஆனால் அந்த 1981 கட்டுரையின் தலைப்பைப் பார்த்தாலே வேறு ஒரு கதை தெரியும்: நீர் வழங்கல், மர நெருக்கம், கோடைக் கவாத்து, இந்த மூன்றையும் வைத்து பீச் மரத்தின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது என்பதுதான் தலைப்பின் பொருள். நெருக்கி நட்ட மரங்களின் கிளையை எப்படி அடக்குவது என்ற தலைவலிதான் அவர்களைத் தண்ணீர்க் குழாயின் மேல் கை வைக்கச் செய்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் இந்த முறையைத் தன் தோட்டத்துக்கு எடுத்துப் போகிறவர்கள் காயையும் இழக்கிறார்கள், மரத்தையும் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே கொஞ்சம் முன்னாலிருந்தே போவோம்.

ஊர், மண், பயிர்

டட்டூரா இருப்பது கோல்பர்ன் பள்ளத்தாக்கில், ஷெப்பர்டன் நகரத்துக்குப் பக்கத்தில். ஆற்றுப் பாசனத்தை நம்பிய பழத்தோட்டப் பகுதி. டப்பாவில் அடைக்கிற பீச்சும் பேரியும்தான் முக்கியப் பயிர், 1910-களின் கடைசியிலிருந்தே ஷெப்பர்டனில் பழம் பதப்படுத்தும் ஆலை இருக்கிறது. மழை குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பெய்யும், கோடை வறண்டது. பூமியின் தென்பாதி என்பதால் மாதங்களைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்: பீச் செப்டம்பரில் பூக்கும், இந்தச் சோதனைக்கு எடுத்த கோல்டன் குயீன் என்ற ரகம் பின்பருவ ரகம் என்பதால் மார்ச் வாக்கில்தான் பழுக்கும். பூவிலிருந்து பழத்துக்கு ஏறத்தாழ ஆறு மாதம். இந்த நீண்ட காலத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் தீர்ப்புச் சொல்லும்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. செம்பழுப்பு மண், மேலே கொஞ்சம் வண்டல் கலந்த மெல்லிய அடுக்கு, அடியில் வேர் எளிதில் நுழையாத இறுகிய களி. வேர் பெரும்பாலும் மேல் அடுக்கிலேயே படர்ந்து கிடக்கும். தோட்டக்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. 1970-களின் நடுவில் மழை மிகுந்த வருடங்களில் நிலத்தடி நீர் மட்டம் மேலேறி, வேர் மூச்சடைத்து, பல தோட்டங்களில் மரங்கள் பட்டுப்போயின. புரூஸ் காக்ராஃப்ட் போன்ற டட்டூரா மண்ணியலாளர்கள் மேட்டுப்பாத்தி, ஜிப்சம், மூடாக்கு, உழவில்லாத மண் பராமரிப்பு என்று வருடக்கணக்கில் உழைத்தது இந்த மண்ணோடுதான். ஆனால் ஆழமில்லாத அதே வேர்தான் நெறிப்பாசனம் அங்கே பலித்ததற்குக் காரணமும் ஆனது.

முதலில் வந்தது பந்தல்

நெறிப்பாசனத்துக்குச் சில வருடங்கள் முன்பு அதே நிலையத்திலிருந்து இன்னொரு புதுமை வந்தது. சால்மர்ஸும் பாஸ் வான் டென் எண்டேயும் சேர்ந்து உருவாக்கிய டட்டூரா பந்தல். மரத்தின் தண்டைத் தாழ்வாகவே வெட்டி இரண்டே கைகளாகப் பிரித்து, வரிசைக்கு இரு பக்கமும் கம்பியில் சாய்த்துக் கட்டுவார்கள். வரிசையின் ஒரு முனையில் நின்று பார்த்தால் ஆங்கில எழுத்து 'வீ' தெரியும். ஒவ்வொரு கையும் தரையிலிருந்து 60 பாகை கோணம்.

பழைய முறையில் பீச் மரம் ஒரு கிண்ணம் மாதிரி நடுவே திறந்து விரியும். மரத்துக்கு மரம், வரிசைக்கு வரிசை ஆறு மீட்டர் என்று வைத்தால் ஹெக்டேருக்கு 277 மரம்தான் நிற்கும். கிண்ணம் முழுதாக நிரம்பவே பல வருடம் ஆகும். அதுவரை விழுகிற வெயிலில் பெரும்பகுதி வெறும் மண்ணில் விழுந்து வீணாகும். பந்தலில் வரிசை இடைவெளியை அப்படியே விட்டுவிட்டு, வரிசைக்குள் மரத்துக்கு மரம் ஒரு மீட்டர் என்று நெருக்கினால் ஹெக்டேருக்கு 1,600-க்கு மேல் மரம். சீக்கிரமே பந்தல் நிரம்பும், சீக்கிரமே காய்ப்பு வரும். இயந்திர அறுவடையும் அவர்கள் மனத்தில் இருந்தது, 1978-ல் வந்த அவர்களுடைய கட்டுரையில் விளைச்சலோடு சேர்த்து அதைப் பற்றியும் எழுதினார்கள்.

இதன் பின்னால் இருக்கிற கணக்கு எளிது. தோட்டம் மொத்தமாகப் பிடிக்கிற வெயில் எவ்வளவோ அதை ஒட்டித்தான் மொத்த விளைச்சல். ஆனால் தரம் வேறு விஷயம். அந்த வெயில் மரத்துக்குள் எப்படிப் பங்காகிறது என்பதைப் பொறுத்தது அது. உச்சியில் இலைக்குமேல் இலை மூடிக்கொண்டால் மேலே நாலு பழம் சிவக்கும், உள்ளே இருப்பதெல்லாம் வெளிறிச் சப்பென்று இருக்கும். அமெரிக்காவில் ஹெய்னிக்கி என்ற ஆய்வாளர் 1960-களில் பெரிய ஆப்பிள் மரங்களுக்குள் வெயிலை அளந்து, வெளி அடுக்குக்கும் உள் அடுக்குக்கும் எவ்வளவு வித்தியாசம், பழத்தின் நிறமும் அளவும் எப்படி அதோடு சேர்ந்து குறைகிறது என்று காட்டியிருந்தார். முழு வெயிலில் 30 சதவீதத்துக்குக் கீழே போகிற இடத்தில் நல்ல பூமொட்டை எதிர்பார்க்க முடியாது என்பது பழமரக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் அளவுகோல்.

பீச்சுக்கு நிழல் இன்னும் கொடுமை. ஆப்பிள், பேரி போலப் பழைய குறுங்கிளையில் வருடா வருடம் காய்க்கிற மரம் இல்லை இது. போன வருடம் வளர்ந்த கிளையில்தான் இந்த வருடப் பூ. அந்தப் பூமொட்டு உருவாவது போன வருடக் கோடையில். அப்படியானால் இந்தக் கோடையில் கீழ்க்கிளை நிழலில் மாட்டினால், இந்த வருடப் பழம் சுமார், அடுத்த வருடம் அந்தக் கிளையில் பூவே இல்லை, அதற்கடுத்த வருடம் கிளையே காய்ந்துபோகும். காய்க்கிற பகுதி வருடா வருடம் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும், பறிக்க ஏணி வேண்டும்.

பிடிவாதமான கிளைகள்

நெருக்கி நட்டாயிற்று, தண்ணீரும் உரமும் தாராளம், வேர்ச்செடியோ, அதாவது ரகத்தை ஒட்டுவதற்கு அடியில் வேராக நிற்கிற செடியோ, வீரியம் மிக்க நாற்று. கிளைகள் என்ன செய்யும்? பந்தலின் நடுவே செங்குத்தாக நீர்க்கிளைகள் சீறிக்கொண்டு கிளம்பி வெயிலை அடைத்தன.

ஆப்பிள்காரர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஈஸ்ட் மாலிங் நிலையத்தில் ரொனால்ட் ஹாட்டன் முதல் உலகப் போர்க் காலத்திலேயே பழைய குட்டை வேர்ச்செடிகளைத் திரட்டி, கலப்படம் நீக்கி, எண் கொடுத்து வகைப்படுத்தியதிலிருந்து எம்.9 போன்ற வேர்ச்செடிகள் அவர்களுக்குக் கிடைத்துவிட்டன. வேரே மரத்தைக் குட்டையாக்கிவிடும். பீச்சுக்கு அந்தக் காலத்தில் அப்படி நம்பத்தகுந்த குட்டை வேர்ச்செடி எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் பதப்படுத்தும் ஆலையில் மிஞ்சிய கோல்டன் குயீன் கொட்டையையே விதைத்து வேர்ச்செடி ஆக்குவதுதான் வழக்கம். அதன் வீரியத்தைச் சொல்லவே வேண்டாம்.

மிச்சமிருந்த வழி கோடைக் கவாத்து. அதைச் செய்தவர்களுக்குத் தெரியும், வெட்டின இடத்துக்குக் கீழே நாலு மொட்டு விழித்துக்கொள்ளும், தண்ணீர் தாராளமாக இருந்தால் சில வாரத்தில் பழையபடி மூடிவிடும். ஆள் கூலி வேறு. கவாத்து என்பது வளர்ந்து முடிந்ததை வெட்டி எறிவது, அந்தக் கிளையைக் கட்ட மரம் செலவழித்த சர்க்கரையும் அதோடு குப்பைக்குப் போகிறது. வளரவே விடாமல் செய்ய முடியுமா என்ற கேள்விக்குத்தான் தண்ணீர் பதிலாக வந்தது.

சோதனையின் கரு

பீச் காய் ஒரே சீராகப் பெருப்பதில்லை. மூன்று கட்டம். பூ உதிர்ந்ததும் முதல் கட்டம்: உயிரணுக்கள் மளமளவென்று பிரிந்து எண்ணிக்கை கூடும், காய் வேகமாகப் பெருக்கும். இரண்டாம் கட்டத்தில் காய் வெளியே பார்க்க அப்படியே நிற்கும், உள்ளே கொட்டை கெட்டிப்படும், விதை வளரும். மூன்றாம் கட்டம் அறுவடைக்கு முந்தைய ஆறு, எட்டு வாரம்: இருக்கிற உயிரணுக்கள் நீரையும் சர்க்கரையும் இழுத்து ஊதும். பழத்தின் எடையில் பெரும்பகுதி சேர்வது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

கிளையின் நாட்காட்டி வேறு. வசந்தத்தில் கிளம்பி, முதல் கட்டத்திலும் இரண்டாம் கட்டத்திலும் முழு வேகத்தில் ஓடும், பழம் ஊதத் தொடங்கும் நேரத்தில் பெரும்பாலும் தானாகவே தளர்ந்துவிடும். கோல்டன் குயீன் மாதிரி பின்பருவ ரகத்தில் இரண்டாம் கட்டம் வாரக்கணக்கில் நீளும். ஆக, கிளை வேகமாக வளர, காய் சும்மா நிற்கிற ஒரு இடைவெளி வருடா வருடம் வருகிறது. அந்த இடைவெளியில் தண்ணீரைக் குறைத்தால் அடி யார் மேல் விழும்? கிளையின் மேல். காய் ஊதத் தொடங்கும்போது முழுத் தண்ணீரையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சோதனை இதுதான். ஆவியாதல் தொட்டியில் அன்றாடம் எவ்வளவு நீர் போகிறது என்று பார்த்து, அதில் ஒரு சிறு பங்கை மட்டும் திருப்பிக் கொடுக்கும் மரங்கள் ஒரு பக்கம், முழுதாகக் கொடுக்கும் மரங்கள் இன்னொரு பக்கம். பிறகு மூன்றாம் கட்டத்தில் எல்லாருக்கும் தாராளம். தண்ணீர் குறைந்த மரங்களில் கிளை வளர்ச்சியும் வெட்ட வேண்டிய கட்டையும் குறைந்தன. காய் விளைச்சல் நிலைத்தது. 1982-ல் மிட்செல், சால்மர்ஸ் இருவரும் வெளியிட்ட தொடர் கட்டுரையும் இதையே உறுதிப்படுத்தியது. 1984-ல் ஜெரியும் சேர்ந்து பேரியில் செய்தார்கள். பேரியில் மூன்று கட்டம் கிடையாது, ஆனால் காயின் எடை பெரும்பாலும் பருவத்தின் கடைசி வாரங்களில்தான் ஏறுகிறது, கிளையோ முன்னாலேயே ஓடி முடிக்கிறது என்பதால் அதே தந்திரம் அங்கேயும் செல்லுபடியானது.

என்னை யோசிக்க வைத்தது இன்னொரு விஷயம். முழுத் தண்ணீர் திரும்ப வந்ததும், வாட்டம் கண்ட மரத்தின் காய்கள் எப்போதும் நனைந்தே இருந்த மரத்தின் காய்களைவிட வேகமாகப் பெருத்தன. இழந்த கொஞ்சத்தையும் பிடித்துவிட்டன.

காய் ஏன் தப்பித்தது

இதன் விளக்கம் மரத்தின் உடலுக்குள் இருக்கிறது. தண்ணீர் குறையும்போது எல்லா வேலையும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை. முதலில் அடிவாங்குவது உயிரணு விரிவது. உள்ளழுத்தம் கொஞ்சம் தணிந்தாலே இளம் இலையும் தண்டு நுனியும் நீள்வதை நிறுத்திக்கொள்ளும். இலைத்துளைகள் மூடி ஒளிச்சேர்க்கை சரிவது அதற்கு அப்புறம்தான், வாட்டம் இன்னும் கடுமையான பிறகு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது: இலை சர்க்கரை செய்துகொண்டே இருக்கும், கிளை நுனி அதை வாங்கிக்கொள்ளாது. மிஞ்சிய சர்க்கரை பழத்துக்கும் வேருக்கும் சேமிப்புக்கும் போகும். காய்க்குள் கரைபொருள்கள் சேர்ந்திருப்பதால், தண்ணீர் வந்ததும் அது வேகமாக இழுத்துக்கொள்ளும். மேலே சொன்ன அந்தத் துரத்திப் பிடிக்கும் வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது.

அந்தச் சந்துக்குள் நிற்பதுதான் முழு வித்தையும். வாட்டம் போதாவிட்டால் கிளை அடங்காது. மிஞ்சினால் இலை சர்க்கரை செய்வதையும் நிறுத்திவிடும், அப்போது காய்க்கும் பங்கு இல்லை, அடுத்த வருடப் பூமொட்டுக்கும் இல்லை. இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்துவிட்டால் எல்லையை எப்போதோ தாண்டியாயிற்று என்று அர்த்தம்.

தரத்தில் வந்த மாற்றம் பாதி நேரடி, பாதி சுற்றுவழி. கிளை அடங்கியதால் வெயில் பந்தலுக்குள் இறங்கியது, நிறம் ஏறியது, கீழ்க்கிளைப் பூமொட்டு பிழைத்தது. இதுதான் பெரிய லாபம் என்று நான் நினைக்கிறேன், இது அடுத்த வருட அறுவடையில்தான் கணக்குக்கு வரும் என்பதால் ஒரே பருவத்தை வைத்துச் சோதிப்பவர்கள் கண்ணில் இது படாது. நேரடியாகத் தண்ணீரைக் குறைத்து இனிப்பேற்றுவது வேறு கதை. கலிபோர்னியாவில் கிரிசோஸ்டோவும் மற்றவர்களும் ஓ ஹென்றி என்ற பீச் ரகத்தில் அறுவடைக்கு முந்தைய வாரங்களில் தண்ணீரைக் குறைத்துப் பார்த்து 1994-ல் எழுதினார்கள்: சர்க்கரை கூடியது, தோலின் மெழுகுப் படலம் தடித்து, சேமிப்பில் பழம் சுருங்குவது குறைந்தது, ஆனால் பழம் சிறுத்தது. டப்பா ஆலைக்கோ சந்தைக்கோ அளவு பார்த்து விற்பவருக்கு அது நஷ்டம். இனிப்பு வேண்டுமா அளவு வேண்டுமா என்று முடிவு செய்துவிட்டுத்தான் கடைசி வாரங்களில் கை வைக்க வேண்டும். டட்டூராக்காரர்கள் கடைசி வாரங்களைத் தொடவே இல்லை.

எங்கே பலிக்காது

முன்பருவ ரகங்களில் பலிக்காது. பூத்து மூன்று மாதத்துக்குள் பழுத்துவிடுகிற பீச்சில் இரண்டாம் கட்டம் என்பதே ஒரு மூச்சு நேரம்தான். கிளையும் காயும் சேர்ந்தே வளரும். தண்ணீரைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். அப்படிப்பட்ட ரகத்தில் அறுவடை முடிந்த பிறகு குறைக்கலாம், காய்தான் இல்லையே என்று யோசித்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அந்த நேரத்தில்தான் அடுத்த வருடப் பூ மொட்டுக்குள் உருவாகிறது. கலிபோர்னியாவில் ஜான்சன், ஹேண்ட்லி, டிஜாங் மூவரும் ரெஜினா என்ற முன்பருவ ரகத்தில் பல வருடம் தொடர்ந்து செய்து 1992-ல் எழுதியது இதைப் பற்றித்தான்: அறுவடைக்குப் பிந்தைய வாட்டம் கடுமையானால் அடுத்த வருடம் ஒட்டிப் பிறந்த இரட்டைக் காய்களும், ஆழமான பிளவுக்கோடு விழுந்த காய்களும் கூடின. விற்க முடியாத சரக்கு.

ஆழமான மண்ணில் தாமதமாகும். டட்டூராவில் வேர் ஓடியது மெல்லிய அடுக்கில், குழாயை மூடிய சில நாளில் மரத்துக்கு உரைத்தது, திறந்த சில நாளில் மீண்டது. அதே திட்டத்தை இரண்டு மீட்டர் ஆழத்துக்கு வேர் விட்ட மரத்துக்குப் போட்டால், அது அடிமண்ணில் சேர்த்து வைத்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வாரக்கணக்கில் கண்டுகொள்ளாமல் வளரும். வாட்டம் வந்து சேரும்போது மூன்றாம் கட்டம் தொடங்கியிருக்கும். அப்போது அவசரமாகத் தண்ணீரைத் திறந்தாலும் அவ்வளவு ஆழத்தை நனைத்து எடுக்க நாளாகும். வரக்கூடாத நேரத்தில் வாட்டம் வந்து நிற்கும். கோடையில் மழை பெய்கிற இடத்திலும் இதே கதைதான், குழாய் நம் கையில் இருந்தாலும் வானம் நம் கையில் இல்லை.

காய் கலைக்காத, அதாவது மிகுதியான பிஞ்சுகளைக் கிள்ளி எறியாத தோட்டத்திலும் முயற்சி செய்ய வேண்டாம். மூன்றாம் கட்டத்தில் மரத்தில் தொங்குகிற காய்களின் எண்ணிக்கையும் தண்ணீரும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டவை. இஸ்ரேலில் அமோஸ் நாவோர் நெக்டரின் (மயிரில்லாத வழுவழுப்பான தோல் கொண்ட பீச் வகை) மரங்களில் காட்டியது போல, காய் அதிகமாக ஏறிய மரத்தில் தண்ணீர்க் குறை காயின் அளவை அதிகமாகப் பாதிக்கும், அளவாகக் கலைத்த மரம் அதே குறையைத் தாங்கும். பீச்சில் காய் கலைப்பதை எவ்வளவு முன்னால் செய்கிறோமோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் முதல் கட்டத்திலேயே சர்க்கரைக்குப் போட்டி நடக்கிறது, அப்போது பட்டினி கிடந்த காய் பின்னால் என்ன கொடுத்தாலும் முழு அளவுக்கு வராது. கை வலிக்கிறது, மனசு வராது, இருந்தாலும் கலைத்தாக வேண்டும்.

இளம் மரத்துக்கு இது கூடவே கூடாது. ஒதுக்கிய இடத்தை நிரப்பாத மரத்தின் வேலையே வளர்வதுதான். ஏற்கெனவே சோர்ந்து நிற்கிற மரத்துக்கும் அப்படியே. கடிவாளம் ஓடுகிற குதிரைக்குத்தான்.

உப்பைப் பற்றி ஏனோ குறைவாகவே பேசுகிறார்கள். தண்ணீரைக் குறைக்கும்போது வேர்ப்பகுதியைக் கழுவி இறங்குகிற மிகை நீர் இல்லாமல் போகிறது. பாசன நீரில் கொஞ்சம் உப்பு இருந்தாலும் அது வருடா வருடம் அங்கேயே தங்கும். கோல்பர்ன் பள்ளத்தாக்கில் குளிர்கால மழை கழுவிவிடும். அப்படி மழை இல்லாத இடத்தில் வருடத்துக்கு ஒரு தடவையாவது நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், அப்போது மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு திரும்பப் போய்விடும்.

வறட்சி வந்தபோது

1990-களின் கடைசியில் தொடங்கி 2009 வரை நீண்ட வறட்சி தென்கிழக்கு ஆஸ்திரேலியாவை வாட்டியது. கோல்பர்ன் பாசனத்தில் விவசாயிகளின் நீர் உரிமையில் 2006-07 பருவத்தில் 29 சதவீதம்தான் வழங்கினார்கள். கிளையை அடக்கப் பிறந்த முறை தண்ணீரை மிச்சம் பிடிக்கும் முறையாகப் பெயர் வாங்கியதில் இந்த வருடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அங்கேதான் ஒரு குழப்பமும் சேர்ந்தது. பருவம் முழுக்க எல்லா நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுப்பதையும் பலர் இதே பெயரில் அழைத்தார்கள். அது வேறு. அது பற்றாக்குறையைச் சமமாகப் பங்கு போடுவது, நெறிப்பாசனம் பற்றாக்குறையை ஒரே இடத்தில் குவிப்பது. முன்னதில் மூன்றாம் கட்டத்திலும் குறை விழும், காய் சிறுக்கும். கையில் இருக்கிற தண்ணீர் பாதிதான் என்றால் அதை நாள்கணக்கில் பிரிக்காமல், மூன்றாம் கட்டத்துக்கு வேண்டியதை முதலில் எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தை முன்னால் செலவழிப்பதுதான் டட்டூரா கற்றுக்கொடுத்த வரிசை.

செய்து பார்க்க நினைப்பவருக்கு

முதல் வருடம் குழாயைத் தொடவே வேண்டாம். நாலைந்து மரத்தைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் சில காய்களிலும் சில கிளைகளிலும் அடையாள நாடா கட்டி, வாரம் ஒருமுறை காயின் குறுக்களவையும் கிளையின் நீளத்தையும் எழுதி வையுங்கள். காய்க்கு வெர்னியர், கிளைக்குச் சாதாரண டேப் போதும். பருவம் முடிந்ததும் இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் கிளை ஓடுகிற, காய் நிற்கிற வாரங்கள் தெரியும். அப்படி ஒரு இடைவெளி தெரியவில்லை என்றால், அந்த மரத்துக்கு இந்த முறை இல்லை, பேசாமல் நிழலைக் கவாத்திலும் வீரியத்தை வேர்ச்செடியிலும் நைட்ரஜனைக் குறைப்பதிலும் பார்த்துக்கொள்ளலாம். நைட்ரஜனை ஏன் இழுக்கிறேன் என்றால், இரண்டாம் கட்டத்துக்கு முன்னால் தாராளமாக யூரியாவைப் போட்டுவிட்டுத் தண்ணீரைக் குறைத்துக் கிளையை அடக்குகிறேன் என்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வேலை.

வாட்டத்தை அளக்க, மண் நீரை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்று காட்டும் டென்சியோமீட்டர் போதாது. அது ஏறத்தாழ 80 கிலோபாஸ்கல் இழுப்பு வரைதான் வேலை செய்யும், அதற்குமேல் உள்ளே காற்றுப் புகுந்து பொய் சொல்லும். நெறிப்பாசன வாரங்களில் மண் அதைவிட நன்றாகவே காய வேண்டியிருப்பதால் டட்டூரா பக்கத்தில் ஜிப்சம் கட்டிகளை மண்ணில் புதைத்து மின்தடையை அளந்தார்கள், 200 கிலோபாஸ்கல் வாக்கில் அடுத்த பாசனம். இதைவிட நேரடியான வழி மரத்தையே கேட்பது: நடுப்பகலுக்குச் சற்று முன் ஒரு இலையை ஈயத்தாள் பையில் மூடி, தண்டின் ஈரநிலைக்கு அது வந்ததும் பறித்து அழுத்தக் கலனில் வைத்து, காம்பில் நீர் கசியும் அழுத்தத்தைப் பார்ப்பது. 1965-ல் ஸ்கோலாண்டர் குழு பிரபலமாக்கிய கருவி, பழமரங்களில் அன்றாடப் பாசன முடிவுக்கு இதைக் கொண்டுவந்ததில் டேவிஸ் நகரக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷேக்கலுக்குப் பெரிய பங்கு உண்டு. கருவி விலை அதிகம், பகலில் ஒவ்வொரு தோட்டமாக நடக்க வேண்டும். அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் புகழ்கிற அளவுக்கு விவசாயிகள் அதை வாங்குவதில்லை.

திரும்ப நனைப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மூன்றாம் கட்டம் தொடங்கிய அன்று குழாயைத் திறந்தால் தாமதம். காய்ந்து இறுகிய மண் சொட்டுநீரை உடனே வாங்காது, விரிசல் வழியே ஓடிவிடும். காய் மறுபடி பெருக்கத் தொடங்கும் நாளுக்கு ஒரு வாரமாவது முன்பே ஆரம்பித்து, வேர்ப்பகுதி முழுவதும் நனையும் வரை விட்டு, தோண்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மாமரத்துக்கு இது ஆகுமா என்ற கேள்வி தமிழில் படிக்கிறவருக்கு வராமல் இருக்காது. பூக்க வைப்பதற்காகத் தண்ணீரை நிறுத்துவது மாவிலும் எலுமிச்சையிலும் மாதுளையிலும் பழைய பழக்கம், ஆனால் அது பூவுக்கு முந்தைய வாட்டம். டட்டூரா பேசுவது காய் மரத்தில் இருக்கும்போது கொடுக்கும் வாட்டத்தை. மாங்காயின் வளர்ச்சியில் பீச் போல நடுவே ஒரு நீண்ட நிறுத்தம் கிடையாது, ஒரே ஏற்றமாக ஏறி அடங்கும், ஆகையால் அந்தத் திட்டத்தை அப்படியே எடுத்துவர முடியாது. வட தாய்லாந்தில் ஸ்ப்ரேயரும் அவர் குழுவும் சோக் அனான் என்ற மா ரகத்தில் இரண்டு முறைகளை ஒப்பிட்டு 2007-லிருந்து எழுதியிருக்கிறார்கள்: ஒன்று நெறிப்பாசனம், இன்னொன்று வேரின் ஒரு பக்கத்தை நனைத்து மறுபக்கத்தைக் காயவிட்டு, கொஞ்ச நாளில் பக்கம் மாற்றுவது. அங்கே காயின் அளவில் நன்றாக வந்தது இரண்டாவது முறை. காய்ந்த பக்கத்து வேர் அனுப்பும் சமிக்ஞையால் இலைத்துளை கொஞ்சம் சுருங்கும், நனைந்த பக்கம் காய்க்குத் தண்ணீர் அனுப்பிக்கொண்டே இருக்கும் என்பது அதன் தத்துவம். காய் இடைவிடாமல் வளர்கிற மரத்துக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. மரத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொரு சொட்டுநீர்க் குழாய், ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு, இவ்வளவுதான் கூடுதல் செலவு.